நேர்ச்சை என்று சொல்லிப் போன ஊர்

என் கணவர் கொழும்பிலிருந்து ஒரேயடியாக வந்து இறங்கிய அன்று, அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போவதா வேண்டாமா என்றே எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் ஒரு தடவைகூடப் போனதில்லை. விடுமுறைக்கு வரும்போது, கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வருவார்கள். ஜட்கா வண்டி பிடித்து அவரவர் வீட்டு வாசலில் இறங்குவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும். நான் கதவுக்கு உள்ளே நின்றுகொள்வேன்.

இந்தத் தடவை அவர் தனியாக வந்தார். நான் போயிருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, துணியில் சுற்றிய ஒரு சாமி படம். அவ்வளவுதான் கையில். என்னைப் பார்த்ததும் முகம் மலரும் என்று நினைத்தேன்.

"வெயில்ல நீ ஏன் வந்த?" என்றார்.

"பெட்டி தூக்க ஆள் வேணுமேன்னு வந்தேன்."

"போர்ட்டர் இருக்காம்லா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். பிறந்த ஊர்தான். ஆனால் பதினான்கு வயதில் சொந்தக்காரர் ஒருவருடைய கொழும்புத் துணிக்கடைக்கு வேலைக்குப் போனவர். நான்தான் வழி சொன்னேன்.

எங்கள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாமலே அவர் புறப்பட்டுப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஒரு மாதம் இருப்பார், ஒன்றரை மாதம் இருப்பார். கடற்கரைப் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆண்கள் கப்பலில் இருப்பார்கள், தோணியில் இருப்பார்கள், இல்லையென்றால் கொழும்பில் இருப்பார்கள். மாமியார் இருந்தவரை எனக்குப் பேச்சுத் துணை இருந்தது. மாமியார் காலமான பிறகு நானும் என் தையல் மிஷினும்தான். குழந்தை இல்லை. ஒரு தடவை உண்டாகி மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அப்போது அவர் கொழும்பில் இருந்தார். எழுதிப் போட்டேன். ஒரு நைலான் சேலை அனுப்பி வைத்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில்தான் அந்தப் பக்கம் விசாவை நிறுத்த ஆரம்பித்தார்கள். அங்கே கடைகளில் வேலை பார்க்கும் இந்தியாக்காரர்களுக்கு அதுவரை வருஷாவருஷம் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வேலையை எங்கள் நாட்டுக்காரனே செய்வான், நீங்கள் போகலாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தேயிலைத் தோட்டத்துச் சனங்களை இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிக்கொண்டிருந்த காலமும் அதுதான். அவர்களுக்காவது மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஒரு ஆபீசர் இருந்தார். என் கணவரைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்கள். சொந்த ஊர் இருக்கிறவனுக்கு யார் என்ன செய்ய வேண்டியிருக்கிறது?

வந்த புதிதில் விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருப்பார். கடை திறக்கிற நேரம் வரும், போகும். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நான் தைத்து முடித்த துணிகளை எடுத்து, கடையில் மடிப்பதுபோல் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து அடுக்குவார். வாங்க வருகிற பெண்கள் அந்த அடுக்கைப் பார்த்து அசந்துபோவார்கள். அவர் உள்ளறைக்குப் போய்விடுவார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் ஒரு ஆண் பகல் முழுவதும் இருந்து எனக்குப் பழக்கமில்லை. கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவருக்கு உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று தெரியவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"குழம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நல்லாத்தான் இருக்கு."

"தேங்காய்ப் பால் விட்டா நல்லா இருக்குமோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அங்கன விடுவாவ" என்றார். பிறகு தலை குனிந்து சாப்பிட்டார். யார் விடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

டவுனில் துணிக்கடைகளில் வேலை கேட்டு அலைந்தார். ஒரு கடை அண்ணாச்சி பத்து நாள் வைத்துப் பார்த்தார். வாடிக்கைக்காரர் உள்ளே வந்தால் இவருக்கு வாயில் முதலில் சிங்களம்தான் வருமாம். கடைப் பையன்கள் சிரித்தார்களாம். 'சிலோன்காரர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அங்கன கள்ளத்தோணின்னானுவ. இங்கன சிலோன்காரன்ங்கானுவ" என்று ஒரு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கள்ளத்தோணி என்றால், திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவன் என்று அங்கே நம்மவர்களை ஏசுகிற சொல். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

கடைசியில் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில், தோணிக்குப் போகிற வெங்காய மூட்டைகளையும் வத்தல் மூட்டைகளையும் எடை போட்டு ஏற்றிவிடுகிற வேலை கிடைத்தது. மூட்டைகள் போகிற ஊர் கொழும்பு. வேலை முடிந்தாலும் வீட்டுக்கு வரமாட்டார். தோணிகள் கட்டியிருக்கிற இடத்தில் நின்று, கொழும்பு போய் வந்த ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார். இருட்டிய பிறகு வந்து, "சாப்பிட்டியாளா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக நான் சாப்பிடாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருஷம், மாதா கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தோணியின் தண்டல் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோணியை நடத்துகிற தலைவரைத் தண்டல் என்போம். வயதானவர். என் மாமியாருக்கு ஒருவகையில் உறவு. திருவிழாவுக்குத் தைக்க வேண்டியது மலைபோல் கிடந்ததால் நான் உள்ளறையில் மிஷினில் இருந்தேன். அவர் வாசலில் நின்றே என் கணவரிடம் சொன்னது கேட்டது.

"தம்பி, ஒரு துக்கச் செய்தி. அந்தப் பொம்பளை செத்துப்போச்சு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ, திரும்பி வரல. புள்ளைய பெரியம்மாக்காரி கூட்டிட்டுப் போயிட்டா. அது 'தாத்தா எங்க, தாத்தா எங்க'ன்னு கேட்டுக்கிட்டே கெடக்கு. பாக்க முடியல."

மிஷினை நிறுத்தினேன். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு குழந்தை, ஒரு தாத்தா. கடையில் வேலை பார்த்த யாருடைய குடும்பமோ என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து, "யாருங்க செத்தது? அந்தப் பிள்ளையோட தாத்தா எங்க போனாராம்?" என்று தண்டலிடம் கேட்டேன்.

தண்டல் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் கணவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

"சிங்களத்துல தாத்தான்னா அப்பா."

நான் போய் மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன். கால் மிதித்துக்கொண்டே இருந்தது. துணி எதுவும் அதில் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவர் மறைக்கவில்லை. நான் கேட்காமலேயே அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடைக்குப் பின்சந்தில் அப்பம் சுட்டு விற்ற சிங்களப் பெண். நம் வேதக்காரிதான், மாதா கோயிலுக்குப் போகிறவள். பெண் குழந்தைக்கு எட்டு வயது. தனக்கு இங்கே மனைவி இருக்கிறாள் என்று அவளிடம் முதலிலேயே சொல்லியிருக்கிறார். அதனால் கோயிலில் வைத்துக் கல்யாணம் இல்லை. பிறப்பைப் பதியும்போது அப்பா பெயர் எழுதவில்லை. கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தோணிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பல நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். ஆனால் நான் பேசவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. சண்டை போடுவதற்குக்கூட எதிரில் ஆள் வேண்டும். அவருடைய உடம்பைத்தான் சர்க்கார் எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. என் வயிற்றில் தங்காத குழந்தையை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் நான் அழவில்லை. அதையெல்லாம் அந்த மாதங்களில் அழுதேன். அவர் கிட்டங்கிக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு.

அவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று விசாவுக்கு மெட்ராஸ் போனார். சிலோன் ஆபீஸில் கேட்டார்களாம்: "செத்தது யார்? உங்களுக்கு என்ன உறவு?"

"என்ன சொன்னிய?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சவங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"தெரிஞ்சவங்க சாவுக்கெல்லாம் விசா கிடையாதுன்னுட்டான். எங்க சர்க்கார் திருப்பி அனுப்பின ஆளு நீ, மறுபடி எதுக்கு வாரன்னு கேட்டான்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அவன் கேட்டது நியாயந்தான்."

அதன் பிறகு சில வருஷங்கள் அப்படியே போயின. தண்டல் போகும்போது நான் ஏதாவது தைத்துக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தேன். முதல் தடவை ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது. வெட்டியதில் ஒரு நல்ல சீட்டித் துணி மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்று குத்துமதிப்பாக ஒரு கவுன் தைத்தேன். திரும்பி வந்த தண்டல், "கையி பத்தல, ஆனா போட்டுக்கிட்டா" என்றார். அடுத்த தடவை கையை அகலமாக வைத்தேன். பார்க்காத பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்தாள். என் அளவு எப்போதும் பின்தங்கியே இருந்தது. புதுத் துறைமுகம் வந்தது. பெரிய கப்பல்கள் வந்தன. அந்தப் பக்கம் சாமான் இறக்குமதிக்குத் தடைக்கு மேல் தடை போட்டதால் தோணிகள் சில சமயம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. அப்போதெல்லாம் ஒரு செய்தியும் வராது. அவர் வெறும் தோணியைப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகு இலங்கையில் ஆட்சி மாறியது. கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரலாம் என்கிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கொழும்பில் உள்ள அந்தோனியார் கோயிலுக்கு நேர்ச்சை என்று, வேண்டுதலை நிறைவேற்றப் போய்விட்டு வந்தது. அன்று சாப்பாடு போடும்போது சொன்னேன்.

"நாமளும் அந்தோனியாருக்கு ஒரு நேர்ச்சை வச்சுப் போயிட்டு வருவோமா?"

அவர் கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டார். "நீ எதுக்குளா?"

"புருஷன் பெண்டாட்டியாப் போனா விசா குடுப்பானாம். தனி ஆம்பளைன்னாத்தான் சந்தேகம்."

"அதுக்காக மட்டுமா வாற?"

"தெரியல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

மெட்ராஸ் ஆபீஸில் எங்களை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டார்கள். கேட்டவர் தமிழ் நன்றாகப் பேசினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏற்கெனவே எங்க நாட்டுல இருந்திருக்கீங்க. திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்? இங்க சொத்து இருக்கா?"

"ஓட்டு வீடு இருக்கு" என்றார் என் கணவர்.

"பிள்ளைங்க?"

என் கணவர் என் பக்கம் திரும்பினார். பிள்ளை இல்லாத தம்பதி என்றால் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று நினைப்பார்கள், யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்று போய் வந்த குடும்பம் எங்களிடம் சொல்லி அனுப்பியிருந்தது.

"ஒரு பொண்ணு இருக்கு" என்றேன் நான்.

"எங்க?"

"வீட்டுலதான் இருக்கா. பெரியம்மா பார்த்துக்கிடுதா."

அந்த ஆபீசர் தலையாட்டி முத்திரையைக் குத்தினார். வெளியே வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நிறுத்தத்தில் அவர் என் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து என் கையிலிருந்து அவர் ஒரு சுமையை வாங்கியது அன்றுதான்.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி ரயில் பிடித்தோம். கப்பலில் நாங்கள் போகிற பக்கம் கூட்டம் இல்லை. எதிர்த் திசையில் வருவதற்குத் தலைமன்னார்த் துறையில் தோட்டத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பளியைப் போர்த்திய ஒரு பெண், "அங்கிட்டு ரொம்ப வெயிலா அக்கா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை. "பழகிடும்" என்றேன்.

கொழும்பில் முகத்துவாரத்துப் பக்கம், கடலை ஒட்டிய ஒரு சந்தில் பலகை வீடு. பெரியம்மாக்காரி எங்களைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். என் கணவர் செருப்பை வெளியே கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளைப் பள்ளிக்கூடச் சீருடை. நல்ல உயரம். இரட்டைப் பின்னல். நெற்றி அப்படியே அவருடையது. நான் இத்தனை வருஷம் தைத்து அனுப்பிய உடம்பு இதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அழவில்லை. முட்டி போட்டு எங்கள் இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு உள்ளே போய்ப் பால் இல்லாத தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வேற்று ஆட்களுக்குச் செய்கிற மரியாதை. என் கணவர் சிங்களத்தில் ஏதேதோ கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவள் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னாள். பிறகு அவளாக ஒன்று கேட்டாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்ன கேக்குதா?"

"எத்தனை நாளைக்கு விசான்னு கேக்குதா."

நானும் அவர் வாசலில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் வேறு எதையும் கேட்காமல் எத்தனை நாள் லீவு என்றுதான் கேட்பேன். நாள் தெரிந்தால்தான் எவ்வளவு சந்தோஷப்படலாம் என்று கணக்குப் போட முடியும்.

அவளை எங்களோடு கூட்டிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று அவர் மறுநாள் ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டார். அவள் இலங்கைக் குடிமகள், உங்களுக்கும் அவளுக்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெரியம்மாக்காரியும் விடுவதாக இல்லை. "பரீட்சை எழுதப் போறா. அங்க வந்து பாஷையும் தெரியாம என்ன செய்வா?" என்று அவள் கேட்டதை என் கணவர் எனக்குச் சொன்னார்.

பகலில் அவர் பழைய கடைத் தெருவுக்குப் போய்விடுவார். நானும் அந்தப் பெண்ணும் பலகை வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். ஒரு நாள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. எழுந்து வந்து முதுகைக் காட்டி நின்றாள். தோள் பிடித்தேன், கை பிடித்தேன், இடுப்பு பிடித்தேன். நாடாவைச் சுற்றிக் கொண்டுவரும்போது அவள் கைகளைத் தூக்கினாள். அந்த நேரம் அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. நான் அளவை வாசிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவளும் அசையாமல் நின்றாள். பக்கத்து வீட்டில் மிஷின் கேட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தேன். போட்டுக் காட்டினாள். இந்தத் தடவை எல்லாம் சரியாக இருந்தது.

அந்தோனியார் கோயிலுக்கும் போனோம். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று மெழுகுவர்த்தி வைத்தேன்.

விசா முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அடுத்த தடவை கிடைக்காது என்ற பயம். ஸ்டேஷனுக்கு அவள் வந்தாள். வண்டி நகர்ந்தபோது கையாட்டினாள். என் கணவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. நான்தான் அவள் கண்ணிலிருந்து மறையும் வரை கையாட்டினேன்.

ஊருக்கு வந்ததும் தெருப் பெண்கள் நேர்ச்சை எப்படி என்று விசாரித்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்றேன். அவர் மறுபடி கிட்டங்கிக்குப் போனார். ஆனால் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். தோணிகளிடம் நிற்பதை விட்டுவிட்டார். சாப்பிடும்போது திடீரென்று, "அவளுக்குக் கணக்கு நல்லா வருமாம்" என்பார். நான், "பின்னல் எவ்வளவு நீளம் பாத்தியளா" என்பேன். அதற்கு மேல் பேச்சு போகாது. இருந்தாலும் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மறுபடி போக வேண்டும் என்று இரண்டு தடவை ஏற்பாடு செய்தோம். ஒரு தடவை அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இன்னொரு தடவை அங்கே கலவரம் என்றார்கள். நாங்கள் போகாமலே அவளுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை, நல்ல மாதிரியானவன் என்று தண்டலின் மகன் வந்து சொன்னான்.

அன்று சாயங்காலம் ரவை வறுத்துக் கேசரி கிண்டினேன். முந்திரி நிறையப் போட்டேன். வாசனை தெருவுக்குப் போயிருக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டாள். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"விசேஷம் ஒண்ணுமில்லளா. சும்மா, ஆசையா இருந்துச்சு" என்று சொல்லி அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தேன்.